எந்த நொச்சி என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

நீ கேட்டது ஒரு வரிக் கேள்வி. பதில் இத்தனை பக்கத்துக்குப் போகும் என்று பேனாவை எடுத்தபோது எனக்கே தெரியாது. ‘அம்மா, மூட்டு வீக்கத்துக்கு நம் வீட்டில் நொச்சி வைத்துக் கட்டுவீர்களே, அது எந்தச் செடி? இங்கே ஒருவர் ஒரு இலையைக் காட்டுகிறார், இன்னொருவர் வேறு இலையைக் காட்டுகிறார், இரண்டு பேருமே நொச்சி என்கிறார்கள். அடுத்த மாதம் சாறெடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம்’ என்று எழுதியிருந்தாய். எலி என்ற சொல்லைப் படித்ததும் கடிதத்தை மடித்து அரிசி டின்மேல் வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த குழம்பையும் மறந்து நின்றுவிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது. உன் அப்பா குறை சொல்லாமல் அதையே சாப்பிட்டார். கோலாலம்பூரில் பெரிய ஆய்வுக்கூடத்தில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நீ செய்யப்போகிற வேலையை, இங்கே மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் செய்திருக்கிறேன். செய்தேன் என்பது உனக்குத் தெரியும். எந்த லட்சணத்தில் செய்தேன் என்பது தெரியாது. நீ வேலையைத் தொடங்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா வந்ததற்கு முந்தைய வருஷம் உன் அப்பாவின் விரல்கள் வீங்கத் தொடங்கின. அப்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய்; வீட்டில் என்ன நடக்கிறது என்பதைவிடப் பந்தாட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதுதான் உனக்குப் பெரிது. அதில் தப்பில்லை. அப்பா டவுனில் ஒரு துணிக்கடையில் தையல்காரர் என்பதும், அந்தக் கடையில் அவருடைய மெஷின் ஜன்னலோரம் இருந்தது என்பதும் உனக்கு நினைவிருக்கும். காலையில் எழுந்தால் கத்தரிக்கோலுக்குள் கட்டைவிரலை நுழைக்க முடியாது. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுவேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வலியைக் குறைத்தது, ஆனால் வயிற்றை எரித்தது. சாப்பிட்டதும் குனிந்து உட்கார்ந்துகொள்வார். தையல்காரனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? அந்த ஜன்னலோர மெஷின் அவருக்கு வெறும் பிழைப்பு இல்லை. அதில் உட்கார்ந்தால்தான் அவர் நிமிர்ந்து உட்காருவார். அது போய்விடுமோ என்ற பயம் எனக்கு இரவும் பகலும் இருந்தது. நான் செய்த எல்லாக் காரியத்துக்கும் பின்னால் அந்தப் பயம் இருந்தது என்பதை மறக்காதே. அந்தப் பயத்தோடு என் திமிரும் இருந்தது.

திமிர் என்று ஏன் சொல்கிறேன்? நான் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை தமிழ் படித்தவள். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு காஜா பெராங்குக்கு வந்தபோது, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன இந்தச் செட்டிக் குடும்பங்களில் சாமிக்குத் தேங்காய் உடைக்கிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள், ஆனால் பேசுவது மட்டும் மலாய் என்பதைப் பார்த்து மலைத்துப்போனேன். முதல் வாரம் உன் அத்தை ஒரு கிண்ணத்தை என் கையில் கொடுத்து, “இனி” என்றாள். இனிமேல் இது உன்னுடையது என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துப் பெட்டிக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் பாஷையில் இனி என்றால் ‘இது’. இதில் உப்பு எடுத்து வா என்று சொல்லியிருக்கிறாள் மகராசி. மறுநாள் கிண்ணத்தைத் தேடி வீடே புரண்டது. அந்த அசட்டுத்தனத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே ஒரு முள் தங்கிவிட்டது. இவர்கள் தமிழை மறந்தவர்கள், நான் மறக்காதவள் என்று அன்றைக்கே ஓர் உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இறங்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அப்பாவின் கை வீங்கியதும் உன் அத்தை அவள் வீட்டு வேலியிலிருந்து ஒரு கூடை இலையைப் பறித்து வந்தாள். நீளமாக, ஒடுக்கமாக, ஒற்றை ஒற்றையாக இருக்கும் இலை. தண்டில் கணுவுக்குக் கணு கறுத்த ஊதா நிறம். வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். இது என்ன செடி என்று கேட்டேன். “நொச்சி” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் நின்ற நொச்சி, விரலை விரித்த மாதிரி ஐந்து இலையாக இருக்கும், அடிப்பக்கம் சாம்பல் பூத்திருக்கும், கசக்கினால் மூக்கைத் துளைக்கும். “அக்கா, இது நொச்சி இல்ல. நொச்சி எப்படி இருக்கும்னு நான் காட்டுறேன்” என்றேன். “இனி நொச்சி லா” என்று அவள் அடித்துச் சொன்னாள். அவளுடைய அம்மா, அம்மாவுடைய அம்மா, எல்லோரும் இதைத்தான் நொச்சி என்றார்களாம். “தமிழ்ப் பேச்சே தெரியாத வீட்டுல தமிழ்ச் செடிக்கு மட்டும் பேரு தெரியுமா?” என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். புரியாது என்ற தைரியம். ஆனால் முகத்தைப் படிக்க எந்தப் பாஷையும் வேண்டாமே. அவள் கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். உன் அப்பா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்தார். அவர் சண்டையில் பேசுகிற ஆள் இல்லை.

நான் அப்போது ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தேன். அங்கே ஒரு டாக்டரம்மா வந்திருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். வயது முப்பதுகூட இருக்காது. வார்டு வேலை முடிந்ததும் பின்பக்கத்தில் ஒரு சாமான் அறையைச் சுத்தம் பண்ணி, எலிக்கூடுகளை வரிசையாக வைத்துக்கொண்டார். நாட்டு இலைகள் உண்மையிலேயே வீக்கத்தைக் குறைக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள். அவர் என்னிடம், “உங்கட ஆக்கள் மூட்டு வீக்கத்துக்கு என்ன இலை கட்டுவினம்?” என்று கேட்டார். நொச்சி என்றேன். கொண்டு வாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய் ஒரு சாக்கு நிறைய ஐந்திலை நொச்சி கொண்டு வந்தேன். என் கெட்ட நேரமோ நல்ல நேரமோ, வீட்டில் இன்னொரு நொச்சி இருக்கிற கதையையும் கேலியாகச் சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “அதையும் கொண்டு வாங்கோ” என்றார்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது, தம்பி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நிழலில் உலர்த்தின இலையை இடித்து, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து ஸ்பிரிட் போகும்வரை காய்ச்சினால், கடைசியில் கரும்பச்சையாகப் பிசின் மாதிரி அடியில் தங்கும். ஒரு சாக்கு இலை ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். அதை நிறுத்து, தண்ணீரில் கரைத்து எலிக்குக் கொடுப்போம். ஒரு மணி நேரம் கழித்து, அதன் பின்னங்காலில் முட்டையின் வெள்ளைக்கருவில் ஒரு துளியை ஊசியால் ஏற்றுவார் டாக்டரம்மா. பாதம் உடனே வீங்கத் தொடங்கும். பாவமாகத்தான் இருக்கும். அந்தப் பாதத்தைச் சுற்றி நூலைப் போட்டு, நூல் சந்திக்கிற இடத்தை நகத்தால் பிடித்து, அடிக்கோலில் வைத்து அளந்து எழுத வேண்டும். பூக்கட்டின விரல் என்பதால் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். என் நொச்சி குடித்த எலிகள் ஒரு கூட்டில், அத்தையின் நொச்சி குடித்தவை ஒரு கூட்டில், ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு கூட்டில், வெறும் தண்ணீர் ஒரு கூட்டில். எந்தக் கூட்டில் எது என்று எனக்குத் தெரியும். கரைத்துக் கொடுத்தவளே நான்தானே.

இப்போது சொல்கிறேன், கேள். நூலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் வீக்கம் குறைவாகக் காட்டும். கொஞ்சம் தளர விட்டால் அதிகமாகக் காட்டும். எலியின் பாதம் எத்தனை பெரிது? ஒரு மயிரளவு இறுக்கம் போதும். என் கூட்டு எலியை எடுத்தால் என் விரல் தானாக இறுகியது. அத்தையின் கூட்டு எலியை எடுத்தால் தானாகத் தளர்ந்தது. முதல் நாள் அது எனக்குத் தெரியவில்லை என்று சத்தியம் பண்ணுவேன். இரண்டாம் நாள் தெரிந்தது. மூன்றாம் நாள் தெரிந்தே செய்தேன். பொய் எழுதவில்லை, நூல் காட்டினதைத்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நூலைப் பிடித்தது யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மா என் எழுத்தை நம்பினார். “உங்கட நொச்சி நல்லா வேலை செய்யுது போல” என்று சந்தோஷப்பட்டார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்து நான் செய்தது அதைவிட மோசம். அத்தையின் இலைக் கூடையைத் தூக்கிக் கோழிக்கூண்டுப் பக்கம் கொட்டினேன். மாத்திரைப் பாட்டிலையும் அலமாரி மேலே ஏற்றினேன். டாக்டரம்மா நிறுத்தச் சொல்லவே இல்லை, நானாக நிறுத்தினேன். உன் அப்பாவிடம், “எலிக்கே வீக்கம் வத்திருச்சுங்க, உங்களுக்கு வத்தாதா? இனிமே என் நொச்சிதான்” என்றேன். அவர் கையை நீட்டிக் கொடுத்தார். அத்தை மறுநாள் பின்வாசல் வழியாக வந்தவள், கோழிகள் கிளறிக்கொண்டிருந்த தன் இலையைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் எங்கள் பின்வாசலை மிதிக்கவில்லை. அத்தை ஏன் வருவதில்லை என்று நீகூட ஒரு நாள் கேட்டாய். அவளுக்கு வேலை இருக்கும் என்றேன். உனக்குச் சொன்ன அந்தப் பொய்யையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்.

ஒத்தடம் கொடுக்கத் தொடங்கின மூன்றாம் நாள் காலை அவரிடம் கேட்டேன். “கொஞ்சமாச்சும் தேவலையா?” உன் அப்பா பேசினால் பாதி உதட்டுக்குள்ளேயே இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவர் சொன்னது ‘சாக்கிட்’. வலிக்கிறது என்று. என் காதில் விழுந்தது ‘சிக்கிட்’. கொஞ்சம் என்று. அந்த வீட்டில் அத்தனை வருஷம் குப்பை கொட்டின எனக்கு சாக்கிட்டுக்கும் சிக்கிட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு சிக்கிட் வேண்டியிருந்தது, அதனால் சிக்கிட்டைக் கேட்டேன். “கொஞ்சம் தேவலையா, அப்பாடா, நான் சொன்னேன்ல” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அழுகையும் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தவில்லை. மறுநாள் நான் கேட்டபோது அவரே தெளிவாக, “சிக்கிட் பாய்க்” என்றார். கொஞ்சம் நல்லாயிருக்கு. அதற்கு மறுநாளும் அதே. இரண்டு மாதமும் அதே. கூட்டில் எலிக்கு நான் செய்ததை, வீட்டில் எனக்கு அவர் செய்தார். நான் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக நூலை இறுக்கினேன். நான் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் வலியை இறுக்கிக்கொண்டார். இரண்டு அளவுமே பொய். அவருடைய பொய்யில் அன்பு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வீக்கத்துக்கு அது தெரியுமா?

அதற்குள் மெர்டேக்கா நெருங்கிவிட்டது. டவுனில் எங்கே பார்த்தாலும் கொடி. பள்ளிக்கூடங்கள், கடைகள், கழகங்கள், எல்லோருக்கும் கொடி வேண்டும். அப்பாவின் கடையில் பட்டைப் பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் குவிந்து கிடந்தன. பதினொரு பட்டை, பதினொரு முனை வைத்த நட்சத்திரம். “அந்த நட்சத்திரம் வெட்டத்தான் கை சுத்தமா இருக்கணும்” என்று ஒரு நாள் சொன்னார். எத்தனை வெட்டினீர்கள் என்று கேட்டால், நிறைய என்பார். ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று ஆஸ்பத்திரியில் பிற்பகல் வேலை. தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஜன்னலோர மெஷினில் வேறு ஒரு ஆள் உட்கார்ந்து நட்சத்திரத்தைத் தைத்துக்கொண்டிருந்தான். உன் அப்பா உள்ளே, தைத்து முடித்த கொடிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். விரலால் பிடிக்க முடியவில்லை, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் துணியை அழுத்தி மடித்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கொடிக்கு அடியில் ஒளித்தார். கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, நல்ல மனுஷர். அவர்தான் சொன்னார், ஒரு மாதமாக இப்படித்தான், வீட்டில் சொல்ல வேண்டாம் என்று உன் அப்பா கேட்டுக்கொண்டார் என்று.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் உன் அப்பாமேல் கோபம். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று. ஆஸ்பத்திரி வாசல் வரும்போதுதான், அவர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்பது உறைத்தது. அந்த ‘சாக்கிட்’ அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது. டாக்டரம்மாவின் எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நூலை இறுக்கினது, தளர்த்தினது, மாத்திரையை நிறுத்தினது, எல்லாம். வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எத்தனை நாள் உழைப்பு அது. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். கிழிக்கவில்லை. “முதல்ல அவருக்கு மாத்திரையைத் திரும்பக் குடுங்கோ. சாப்பிட்ட பிறகு. நாளைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, வயித்துக்கு வேற பாப்பம்” என்றார். நான் அழுதேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ மனசில் வைத்துக்கொள்: “பிழை உங்கட விரல்ல மட்டும் இல்லை. எந்தக் கூட்டில என்ன மருந்து எண்டு அளக்கிற ஆளுக்குத் தெரிய விட்டது நான்.” படித்த ஒரு பெண், வேலைக்காரியின் முன்னால், பிழையில் பாதியைத் தன் பங்கு என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு பேச்சை நான் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. அவருக்கு நான் பட்டிருக்கிற கடன் பணத்தால் தீர்கிற கடன் இல்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை கரைத்துக் கொடுப்பது டாக்டரம்மா. கூடுகளுக்குக் கலர் நூல் கட்டிவிடுவார். எந்தக் கலர் எந்த மருந்து என்பது அவர் மேசைக்குள் பூட்டி இருக்கும். நான் வந்து அளப்பதோடு சரி. என் விரலுக்கு முதலில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. யாருக்காக இறுக்குவது, யாருக்காகத் தளர்த்துவது? இரண்டு நாளில் பழகிவிட்டது. யார் பக்கமும் சேராமல் ஒரு வேலையைச் செய்வதில் எத்தனை நிம்மதி இருக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன். கடைசியில் மேசையைத் திறந்து பார்த்தோம். தண்ணீர் குடித்த எலிகளைவிட மூன்று கூட்டிலும் வீக்கம் குறைவுதான். அதிகம் குறைத்தது ஆஸ்பத்திரி மாத்திரை. அதற்கு அடுத்தது அத்தையின் இலை. மூன்றாவதாக, கொஞ்சமே கொஞ்சம், என்னுடையது. எலிக்கு என் தமிழ் தெரியவில்லை, பார்த்தாயா?

பெயர் விவகாரம் ஒன்று பாக்கி இருந்தது. இரண்டு கிளையையும் எடுத்துக்கொண்டு டவுனில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். “இது நொச்சி. இது கருநொச்சி. ரெண்டும் வீக்கத்துக்குத்தாம்மா. ஆனா ரெண்டும் வேற வேற செடி, ஒண்ணுக்கொண்ணு உறவே கிடையாது” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனை தலைமுறைக்கு முன்னாலோ கப்பலேறி வந்த யாரோ கருநொச்சி என்று சொல்லியிருக்கிறார்கள். வாய்க்கு வாய் மாறியதில் ‘கரு’ உதிர்ந்துபோய் ‘நொச்சி’ மட்டும் தங்கியிருக்கிறது. பாஷையே போன வீட்டில், செடியையும் அதன் பெயரில் பாதியையும் விடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நான் சிரித்தேன். இப்போது உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா? அத்தையின் நொச்சியும் நொச்சிதான், என்னுடையதும் நொச்சிதான். அதனால்தான் ஆபத்து. மலாய்க்காரர்கள் அத்தையின் செடியை கண்டாருசா என்றும் என்னுடையதை லெகுண்டி என்றும் சொல்கிறார்கள். சீசாவில் நொச்சி என்று மட்டும் எழுதிவிடாதே. இரண்டிலும் ஒவ்வொரு கிளையை உலர்த்தித் தாளில் ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன்.

கடையிலிருந்து நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சம்பலுக்கு மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் என் ஓட்டை மலாயில் சொன்னேன். எலி, நூல், கருநொச்சி, கோழிக்கூண்டு, எல்லாம். அவள் நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவள் பாஷையில் கேட்டாள்: “பதினஞ்சு வருஷமா நான் சொன்னா நம்பமாட்டே. எலி சொன்னாத்தான் நம்புவியா?” அவள் மிளகாய்த் தட்டை என் பக்கம் தள்ளி, மீதியை நீ ஆய் என்று சொல்லிவிட்டு, இலை பறிக்க வேலிப் பக்கம் போனாள். அவள் மன்னித்தாள் என்பது எனக்கு அந்தத் தட்டில் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவளே வந்து தன் தம்பியின் கையில் இலையை வைத்துக் கட்டினாள். இன்றைக்கு நம் வீட்டுப் பின்வாசல் திறந்தே கிடக்கிறது என்றால் அது என் பெருந்தன்மை இல்லை, அவளுடையது. நேரம் கிடைக்கும்போது அவளுக்கு ஒரு வரி எழுது. மலாயில் எழுது.

அப்பாவின் கை பழையபடி ஆகிவிடவில்லை. அதை மறைத்து எழுதினால் நான் மறுபடி நூலை இறுக்குகிறேன் என்று அர்த்தம். மாத்திரையும் இலையும் சேர்ந்து வீக்கத்தை ஓரளவு அடக்கின. ஜன்னலோர மெஷின் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இரண்டு மாதம் இல்லாமல் இருந்தால் கிடைத்திருக்குமோ என்ற கேள்வியை நான் சாகிறவரை சுமக்கத்தான் வேண்டும். வெட்டுகிற மேசையில் இடம் கிடைத்தது. கை நன்றாக இருக்கிற நாளில் வெட்டுவார், இல்லாத நாளில் மடிப்பார். மெர்டேக்காவுக்கு முந்தின நாள் நம் வீட்டுக்கென்று ஒரு கொடி கொண்டு வந்தார். நட்சத்திரத்தை அவரே வெட்டியிருந்தார். ஒரு முனை மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தது. இந்த முனை ஏன் இப்படி என்று கேட்டேன். “சாக்கிட்” என்றார். தெளிவாக, உதட்டுக்கு வெளியே, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். தம்பி, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எனக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறார். அந்தச் சொல்லைப் போல வேறெதுவும் என்னைக் குளிரவைத்ததில்லை. இனி இவர் என்னிடம் மறைக்கமாட்டார் என்று தெரிந்தது. வலிக்கிறது என்று ஒருவர் சொல்லக் கேட்டுச் சாமிக்கு நன்றி சொன்னவள் இந்த காஜா பெராங்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. பட்டதை மட்டும் சொல்கிறேன். உன் கையில் இருக்கிற நூலுக்கு எது எந்த மருந்து என்று தெரியாமல் பார்த்துக்கொள். உன் ஊரின் இலை, உன் அம்மாவின் இலை என்று எந்த இலைமேலும் பாசம் வைக்காதே. பாசம் விரலுக்குள் இறங்கிவிடும். நம் இலை தோற்றால் தோற்றது என்று எழுது, நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். நாளைக்கு எலியைத் தாண்டி மனிதர்களுக்குக் கொடுக்கிற காலம் வந்தால், எப்படி இருக்கிறது என்று நீயே போய்க் கேட்காதே. நல்ல மனிதர்கள் உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். எந்த இலை ஜெயித்தாலும் கவலைப்படாத யாரையாவது விட்டுக் கேட்கச் சொல். தப்புச் செய்துவிட்டால் பக்கத்தைக் கிழிக்காதே, கோடு போட்டு வை. உன்னிடம் வேலை பார்க்கிற ஆயா ஒருத்தி அழுதுகொண்டே வந்து நின்றால், உன் பங்கு எவ்வளவு என்று முதலில் பார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு டாக்டரம்மாவும் ஒரு நாத்தனாரும் உன் அப்பாவும் வேண்டியிருந்தது. மூன்று பேரும் வாய்த்தார்களே என்று நினைத்தால் மனசு நிறைந்துபோகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ போனதிலிருந்து நான்கு கடிதம் போட்டிருக்கிறாய். இன்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் ஒரே வரி: ‘நான் நன்றாக இருக்கிறேன், சாப்பாடு பிடித்திருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன்.’ ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு, புது ஊரில், தனி அறையில், நான்கு தடவையும் இம்மி பிசகாமல் ஒரே அளவா? நீ உன் அப்பாவின் பிள்ளை. படிக்கும்போது என் முகம் எப்படி ஆகும் என்று பார்த்து எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்து ஒவ்வொரு தடவையும் நானும் சந்தோஷப்பட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். போதும் தம்பி. ஒரு தடவை அப்படிக் கேட்டு ஏமாந்த காது இது. அடுத்த கடிதத்தில் எங்கே வலிக்கிறது என்று எழுது.

அம்மா